எங்களையும் பேச விடுங்கள்: நீலகிரி ஊட்டச்சத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் அங்கன்வாடி, கிராம சுகாதாரப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள், மகளிர் குழுவில் இருப்பவள். ரத்தசோகை விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். கேழ்வரகு, கீரை, சத்து மாத்திரை என்று நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் கேட்டுவிட்டு எழுந்து போகிறோம், வீட்டுச் சமையல் மாறுவதில்லை.

குர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். 1890இல் அன்றைய ஜெர்மனியின் பிரஷ்யாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் அமெரிக்காவுக்குப் போனார். தாயை நாஜிகள் கொன்றார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றை மக்கள் தொட மறுத்தார்கள். (சுவரொட்டி என்று ஆட்டு மண்ணீரலைக் கேட்டு வாங்கும் நமக்கு வியப்பாகத்தான் இருக்கும்.) லெவின் இல்லத்தரசிகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார். சில குழுக்களுக்குச் சத்து, சமையல் குறிப்பு, நாட்டுக்கான கடமை எல்லாம் சேர்த்து நல்ல சொற்பொழிவு. மற்ற குழுக்களில் பெண்களே பேசினார்கள். வேகும்போது வரும் வாடை, கணவரின் முகச்சுளிப்பு என எல்லாம் வெளியே வந்தது. கடைசியில் கைதூக்கி முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் புதிதாகச் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்.

ஆளைத் தள்ளத் தள்ள இறுக்கம்தான் கூடும், தடுப்பது எதுவோ அதை எடுங்கள் என்பது லெவினின் வாதம். எங்களைத் தடுப்பவை என்னென்ன என்று கேட்டீர்களா? மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது; மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள். பலர் அதை டீயோடு விழுங்குகிறார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பது, அந்த இலையையே பறிக்கும் எங்களில் பலருக்குத் தெரியாது. விடிந்ததும் வேலைக்கு ஓடுபவளுக்குக் களி கிண்ட நேரமில்லை. சில வீடுகளில் என்ன சமைப்பது என்பது மாமியார் கையில். அவர் கூட்டத்துக்கு வருவதே இல்லை. வீட்டுக்குள் எந்த உணவு நுழையலாம் என்று தீர்மானிப்பவரைத்தான் லெவின் வாயில்காப்போர் என்றார்.

ஒரே ஒரு மையத்தில் முயன்று பாருங்கள். பதினைந்து பேர் போதும், மாமியார்களும் வரட்டும். செவிலியர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லட்டும், முடிவை நாங்களே எடுக்கிறோம். சில வாரம் கழித்து வந்து, யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று எல்லோரும் சந்தைக்குப் போய்விடுவோம்.