சரிவைக் கேரட்டுக்கு விட வேண்டாம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

தேயிலையைப் பிடுங்கிவிட்டுச் சரிவு முழுவதையும் கேரட்டுக்குக் குத்தகை விடலாம் என்று கேட்டிருந்தாய். பச்சைத் தேயிலை விற்கும் விலையில் பறிப்புக் கூலிகூடத் தேறவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சரிவைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

தேயிலை மூடி நிற்கும் நிலத்தில் மழைத்துளி நேராக மண்ணில் அறைவதில்லை. ஆண்டு முழுவதும் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் அப்படியல்ல. விதைக்கவும் கொத்துகிறோம், அறுவடைக்கும் கொத்துகிறோம். கோடையில் விதைக்கும் கார்போகம் முடிந்து, அடுத்த விளைச்சலான கடைப்போகத்துக்கு நிலத்தைத் தயார் செய்யும்போது தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று பாத்தியையும் மேலிருந்து கீழாகவே போடுகிறார்கள். அந்தச் சால் வழியே மண் நேராக ஓடையில் இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட மழைகூட வேண்டாம். வழக்கமான ஐப்பசி மழையே போதும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். குத்தகைக்காரர் சில போகம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்.

மண்ணோடு உரமும் போகிறது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண் துகளில் ஒட்டிக்கொண்டு போகும். தழைச்சத்தான நைட்ரஜன் நைட்ரேட்டாகி நீரில் கரைந்து போகும். காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம் கீழே தேங்கும் நீரில் பாசியை வளர்க்கிறது. குந்தா அணையில் சேறு சேர்ந்திருப்பதை நீயே பார்த்திருக்கிறாய். அந்த நீர்தான் பில்லூருக்கு இறங்குகிறது. கோவையில் உன் வீட்டுக் குழாயில் வருவதும் பில்லூர்த் தண்ணீர்தானே? அதற்கும் கீழே பவானிசாகர், கூடுதுறை, காவிரி என்று எத்தனை ஊர்கள் அதை நம்பியிருக்கின்றன!

வீட்டை ஒட்டிய, சரிவு குறைந்த மேட்டு நிலத்தை மட்டும் வேண்டுமானால் விடலாம். வருபவர் நிலத்தைப் படிகளாக வெட்டி, அந்தப் படிமட்டங்களை மலைப்பக்கம் உள்நோக்கிய சாய்வில் அமைத்து, விளிம்பில் புல் நட வேண்டும். ஓடைக்கரையில் மண்வெட்டி படக் கூடாது. ஓடையில் கேரட் கழுவவும் கூடாது. படிமட்டம் அமைப்பது பற்றி ஊட்டியில் 1954 முதல் இருக்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் நானே போய்க் கேட்கிறேன்.

இதற்கு ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் பொங்கலுக்கு வரும்போது அழைத்து வா, எல்லையைக் காட்டுகிறேன். கிடைக்காவிட்டால் தேயிலையே இருக்கட்டும். இந்த ஆண்டுக் கவாத்துச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா