பொருள்: கடல் தொட்டில பித்தளை பைப் நிப்பிள் மாட்டிட்டு எங்க ஊரு தண்ணிய குத்தம் சொன்னது பத்தி

வணக்கம் சார்,

சர்வீஸ் மேனேஜர்னு போட்டு அனுப்புறேன், யாரு கைல கெடைக்குதோ அவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க, ஏன்னா நீங்க போட்டுக் குடுத்த கடல் தொட்டில இறால், நத்தையெல்லாம் சாகுதுன்னு இதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல பதினோரு தடவ எழுதிட்டேன், பதினோரு தடவையும் "தண்ணிய டெஸ்ட் பண்ணி பாருங்க மேடம், உங்க ஊரு தண்ணி ஹார்டு வாட்டர்"ங்கிற ஒரே பதில்தான். டெஸ்ட் பண்ணியாச்சு சார். என்ன வந்துச்சுன்னு கீழ இருக்கு.

நான் கோட்டையூர்ல இருந்து எழுதுறேன், காரைக்குடி பக்கம். பேங்க்ல விஆர்எஸ் வாங்குனவ. 12 வருஷமா நல்ல தண்ணி மீன் வளக்குறேன், அதுனால "புதுசா வளக்குறவங்களுக்கு இப்படி ஆகத்தான் செய்யும்"னு உங்க தம்பி போன்ல சொன்னத நான் ஏத்துக்க முடியாது. ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்குற கடல் தண்ணித் தொட்டி வைக்கணும்னு ரெண்டு வருஷம் படிச்சு, நோட்டுல படம் போட்டு, சம்ப் (கீழ வைக்கிற வடிகட்டுற தொட்டி) எங்க, சில்லர் (தண்ணிய குளுமையாக்குற மெஷின்) எங்க, வயரு எந்தப் பக்கம் போகணும்னு எல்லாம் குறிச்சு வச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். காவிரிப்பூம்பட்டினத்துல கடல் பொங்குனதுக்குப் பயந்து எங்க கூட்டம் இந்த வறண்ட காட்டுல வந்து குடியேறுச்சுன்னும் அதுனாலதான் வீட்டையெல்லாம் இம்புட்டு ஒசத்தி கட்டியிருக்குன்னும் எங்க அப்பத்தா சொல்லுவாக, அந்தக் கடல நீ காசு குடுத்து வளவுக்குள்ள கூட்டிட்டு வர்றியேன்னு எங்க வீட்டுக்காரக கேலி பண்ணுனாக. 4 லட்சத்து 60 ஆயிரம் சார். இப்ப அவுக கேலி பண்றதில்ல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

தொட்டி 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி ஒசரம், சுமாரா 850 லிட்டர், கீழ சம்ப் தனி. கொட்டேஷன்ல என்னென்ன போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும், நான் அழுத்தி கேட்டது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, சில்லர் டைட்டானியம் காயிலா இருக்கணும், தண்ணி படுற எடத்துல செம்பு, பித்தளை எதுவுமே வரக்கூடாது. ரெண்டு, பாறை கடல்ல இருந்து எடுத்ததா இருக்கக்கூடாது. ரெண்டையும் மெயில்ல எழுதி வாங்குனேன். பேங்க் புத்தி.

ரெண்டாவத மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா பிப்ரவரி 12 உங்க வண்டி வந்த அன்னைக்கே அது ஆயிருச்சு. "லைவ் ராக்" (கடல் உயிரு ஒட்டியிருக்குற பாறை) 60 கிலோன்னு மூட்டைய எறக்குனாங்க, பிரிச்சு பாத்தா மூளை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்ட கல்லு, அதுல பாதிக்கு இன்னும் கவுச்சி வாடை. கேட்டா "ராமநாதபுரம் பக்கம் கரை ஒதுங்குனது மேடம், எல்லாரும் இதத்தான் வைக்கிறாங்க"ன்னு சொல்றாரு. மன்னார் வளைகுடால 21 தீவ சுத்தி 1986லேர்ந்து தேசிய பூங்கான்னு வச்சு காப்பாத்திட்டு இருக்காக, இந்த மாதிரி கல்லுப்பவளம் எல்லாம் 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல புலி இருக்குற அதே முதல் அட்டவணைல இருக்கு, நான் ஏதோ ஆசைக்கு நாலு மீன் வளக்கப் போயி பாரஸ்ட்டுக்காரக வாசல்ல நிக்கணுமா? சட்டத்த விடுங்க, எனக்கே மனசு ஒப்பாது. மூட்டைய திண்ணையத் தாண்டி உள்ள விடல, அப்படியே வண்டில ஏத்திவிட்டேன். பதிலுக்கு நீங்க அனுப்புன செயற்கை பாறை 35 கிலோதான், ஆனா பில்லுல இன்னைக்கு வரைக்கும் "லைவ் ராக் 60 கிலோ"ன்னுதான் இருக்கு. அந்த பில்லு என் பேர்ல இருக்கக்கூடாது, அத மாத்திக் குடுங்க.

அடுத்து ஸ்டாண்டு. தொட்டி வைக்கிற எடம் ஆத்தங்குடி கல்லு போட்ட தரை, எங்க ஐயா காலத்துல போட்டது. அந்தக் கல்லு சூளைல சுடுறதில்ல சார், கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் சிமெண்ட ஊத்தி, மண்ணும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணில போட்டு எடுத்து காயவைக்கிறது, ஒவ்வொண்ணும் கைவேலை. தண்ணி மட்டும் 850 கிலோவுக்கு மேல, கண்ணாடி ஒரு நூத்தம்பது, பாறை, மண்ணு, சம்பு, ஸ்டாண்டுன்னு எல்லாம் சேத்தா 1300 கிலோ வரும், கீழ கனமான பலகை போட்டு பாரத்த பரத்தி விடுங்கன்னு சைட் பாக்க வந்தவர்கிட்டயே சொன்னேன். அவரும் தலைய ஆட்டுனாரு. வந்த ஸ்டாண்டு ஒன்றரை இஞ்ச் பைப்புல ஆறு கால், அடில ஒரு பிளாஸ்டிக் மூடி, அவ்வளவுதான். ஒரு காலுக்கு 200 கிலோவுக்கு மேல ஒரு தீப்பெட்டி அளவு எடத்துல எறங்குனா கல்லு என்ன ஆகும்? நாலு கல்லு விரிசல். அந்த டிசைன இப்ப யாரும் அப்படியே போடுறதில்ல, ஆத்தங்குடில போயி கேட்டேன், பழைய கலர் அச்சா வராது ஆச்சின்னு சொல்லிட்டாக.

சரி இதெல்லாம் கூட பொறுத்துக்கிட்டேன். இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பிளம்பிங் பண்ணுன அன்னைக்கு சில்லர்ல இருந்து சம்புக்கு வர்ற லைன்ல சைஸ் சேரல, பிவிசி யூனியன் கொண்டு வரல. மணி சாயங்காலம் ஆறு, ரெண்டு பேரும் மதுரைக்கு போயி பஸ்ஸ புடிக்கணும்னு ஒரே பறப்பு. ஒருத்தர் காரைக்குடிக்கு வண்டிய எடுத்துட்டு போயி ஹார்டுவேர் கடைல ரெண்டு நிப்பிளும் ஒரு வால்வும் வாங்கிட்டு வந்து மாட்டுனாரு. பளபளன்னு இருந்துச்சு. இது பித்தளை மாதிரி இருக்கேப்பான்னு நான் நின்னு கேட்டேன் சார். "மேல நிக்கல் கோட்டிங் மேடம், ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரம் வரும்போது மாத்திடுறோம்"னு சொன்னாரு. அந்த அடுத்த வாரம் வரவேயில்ல. சம்பு கதவ சாத்துனா அந்த எடம் பின்பக்கமா இருட்டுல போயிருது, நானும் தொட்டி ஓடுற ஜோர்ல மறந்துட்டேன், அந்த ஒரு தப்பு எம்மேல இருக்கு.

ஆறாவது நாளே மீன் அனுப்பிட்டீங்க. எட்டு க்ரோமிஸ். பாட்டில் பாக்டீரியா ஊத்திட்டோம்ல, விடலாம்னு. அம்மோனியா டெஸ்ட் பச்சையா நிக்குது, மீனுக்கு விஷமான அம்மோனியா இன்னும் இருக்குன்னு அர்த்தம், அது நைட்ரைட்டா மாறி அப்புறம் நைட்ரேட்டா மாற நாலு வாரமாவது ஆகும்னு பள்ளிக்கூடத்து புள்ளைக்கு கூட புரியும், அந்த எட்டையும் கூரியர் பையனுக்கு டீ குடுத்து அப்படியே திருப்பி அனுப்பிட்டேன். ஆறு வாரம் வெறும் பாறையவே பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். எங்க வீட்டுக்கு வர்றவுகல்லாம் மீனு எங்க ஆச்சின்னு கேப்பாக.

மார்ச் 28ந்தேதிதான் உயிர விட்டேன். நத்தை இருபது, க்ளீனர் இறால் நாலு, சன்னியாசி நண்டு பத்து, கூட பவள இனத்துல மஷ்ரூம், ஸுவாந்தட், ஒரு லெதர் கோரல். ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஜோடி க்ளவுன் மீனு, அதுவும் கடல்ல புடிச்சது வேணாம் குஞ்சு பொரிச்சு வளத்ததுதான் வேணும்னு கேட்டு வாங்குனேன், மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம்) காரகளே வளத்து காமிச்சிருக்காக, கெடைக்காத பொருள் இல்ல. அன்னைக்கு ராத்திரி லைட்ட அணைக்க மனசே வரல. எங்க வீட்டுக்காரக கூட நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டாக.

ஏப்ரல் 2 காலைல நத்தை நாலு மல்லாந்து கெடக்கு. நிமித்தி வச்சேன், சாயங்காலம் மறுபடி மல்லாந்துருச்சு. 4ந்தேதி இறால் ஒண்ணு வெளுத்து கெடந்துச்சு, போட்டோ அனுப்புனா "தோல் உரிச்சிருக்கு மேடம், நல்ல விஷயம்"னு ஸ்மைலி போட்டு பதில். தோல் உரிச்சதுன்னா உள்ள காலியா இருக்கணும், இதுல சதை இருக்குன்னு பிரிச்சு காட்டி இன்னொரு போட்டோ அனுப்புனேன். அதுக்கு பதிலே இல்ல. ஒரு வாரத்துல இறால் நாலும் போச்சு, நத்தைல ரெண்டு மிச்சம், மஷ்ரூம் சுருங்கி மிளகு சைஸ் ஆயிருச்சு, லெதர் கோரல் திறக்கவே இல்ல. ஆனா க்ளவுன் ரெண்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடித் திரியுது. மீனுக்கு ஒண்ணும் இல்ல, முதுகெலும்பு இல்லாதது மட்டும் வரிசையா சாகுதுன்னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது செம்பத்தான்னு உங்க டீம்ல ஒருத்தருக்குக் கூடவா தோணல? ஹார்டு வாட்டர்ங்கிறீங்க. நான் ஊத்துறது உங்ககிட்ட வாங்குன ஆர்ஓடிஐ தண்ணி, உப்பு எல்லாம் வடிகட்டி எடுத்தது, கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுது. உப்பு 35, அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 5, அல்கலினிட்டி 8, கால்சியம் 420, மெக்னீசியம் 1300, எல்லாமே கடல் தொட்டிக்கு இருக்க வேண்டிய அளவுதான். இதுல எந்த நம்பர் எங்க ஊரு தண்ணி சார்?

கண்டுபுடிச்சது யாருன்னா, பக்கத்து வீட்டு அண்ணன். சிக்ரில, அதான் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்து ரிட்டையரானவுக. மண்டபத்துல கடல் தண்ணில இரும்ப தொங்கவிட்டு துருவ ஆராய்ச்சி பண்ணுன எடம் அது, அவுககிட்ட வந்து எதத் துருன்னு எதக் கறைன்னு பொய் சொல்ல முடியாது. காப்பி குடிக்க வந்தவுக சம்பு கதவத் தொறந்து டார்ச்ச அடிச்சாக. "ஆச்சி, இது என்ன களிம்பு ஏறிக் கெடக்கு?" அப்படின்னாக. நான் எட்டிப் பாத்தேன், நிப்பிள் ஓரத்துல பச்சைப் பச்சையா. நிக்கல் கோட்டிங்காம். கழட்டி பாத்தா உள்பக்கம் செவப்பா பஞ்சு மாதிரி அரிச்சிருக்கு, உப்புத் தண்ணில பித்தளைல இருந்து துத்தநாகம் மொதல்ல கரைஞ்சு போயி செம்பு மட்டும் நிக்கும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள போகும்னு சொன்னாக. காப்பர் டெஸ்ட் கிட் வரவழைச்சு பாத்தேன். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் செம்பு. மீனு தாங்கும், இறாலும் நத்தையும் எப்படி தாங்கும்.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, இது எனக்கு படிச்சுத் தெரிஞ்ச விஷயமே இல்ல. எங்க வீட்டு அடுப்படில பித்தளை அண்டா, உருளி, கும்பான்னு நூறு பாத்திரம் கெடக்கு, ஈயம் பூசாம எதுலயாவது புளிக்கொழம்பு வச்சா எங்க ஆத்தா கரண்டியாலயே சாத்துவாக. ஈயம் போன பாத்திரத்துல மோர் ஊத்தி வைக்காதன்னு சமையக்காரக்காவுக்கு தெரிஞ்சது, "20 வருஷ மரைன் அனுபவம்"னு கார்டு அடிச்சு வச்சிருக்க உங்களுக்கு தெரியாதா?

நிப்பிள கழட்டுனதுலேர்ந்து சில்லர் ஓடல. சித்திரை வெயிலு, வெளில 39, எங்க வீடு ஒசந்த வீடு, நல்ல குளுமை, அப்படியும் தொட்டி தண்ணி 31க்கு ஏறிருது. ரெண்டு டேபிள் ஃபேன மேல திருப்பி வச்சு, ரெண்டு லிட்டர் பாட்டில்ல ஐஸ் கட்டி மூணு மணிக்கு ஒருக்க மிதக்கவிட்டு 28ல நிறுத்தி வச்சிருக்கேன். ஃபேன் காத்துக்கு தெனம் ஒரு கொடத்துக்கு மேல ஆவியாகுது, அத ஆர்ஓடிஐ தண்ணி ஊத்தி சரிகட்டணும். ராத்திரி அலாரம் வச்சு எந்திரிக்கிறேன் சார், கைப்புள்ளைக்காரி மாதிரி.

தண்ணிய மாத்திட்டா சரியாயிரும்னு உங்க தம்பி கடைசியா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருக்காரு. சரியாகாது. செம்பு அந்தப் பாறைலயும் மண்ணுலயும் புடிச்சுக்கிட்டு அப்புறம் மாசக்கணக்கா கசியும், இனிமே அதுல ஒரு இறால நம்பி விட முடியாது. அதுனால நான் கேக்குறது தள்ளுபடி கூப்பன் இல்ல. பாறையும் மண்ணும் மொத்தமா புதுசு வேணும், முழு 60 கிலோ, செயற்கை பாறைதான். சில்லர் லைன் மொத்தமும் பிவிசி. செத்ததுக்கும் வீணாப் போன உப்புக்கும் காசு, ஸ்டாண்டுக்கு அடில போட பலகை, நாலு கல்லுக்கு ஆத்தங்குடில சொன்ன ரேட்டு, கூட அந்த பில்லு திருத்தம். கணக்கு தனியா அட்டாச் பண்ணியிருக்கேன், மொத்தம் 1,38,400. எம் மனசு ஒளைச்சலுக்கு ஒரு ரூபா கூட அதுல போடல.

15 நாள் பாப்பேன். அதுக்கப்பறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நான் குடியிருக்குற ஊர்லயே கேஸ் போடலாம், நான் சென்னைக்கு அலைய வேண்டியதில்ல, பொருளுக்கு குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் கெடையாது. ரெண்டும் எனக்கு தோதாத்தான் இருக்கு.

ஆள் அனுப்புறதா இருந்தா மொத நாளே போன் பண்ணிட்டு வரச்சொல்லுங்க. பிவிசி யூனியன் 25 எம்எம், வர்றப்பவே கைல கொண்டு வரணும், காரைக்குடில வாங்கிக்கலாம்னு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். அந்த ரெண்டு நிப்பிளையும் வால்வையும் தேதி எழுதி கவர்ல போட்டு பீரோல வச்சிருக்கேன், அது உங்க ஆளுகிட்ட குடுக்க மாட்டேன், பாத்துட்டு போகலாம். வர்ற தம்பிக்கு சாப்பாடு எங்க வீட்லதான், அதுல ஒண்ணும் கொறை இல்ல.

இப்படிக்கு,
கோட்டையூர் வாடிக்கையாளர்
(ஆர்டர் நம்பர் மெயில் தலைப்புல இருக்கு, போட்டோ 23, வாய்ஸ் நோட் 4, கணக்கு 1 பக்கம் இணைச்சிருக்கேன்)