லயன் அறையின் அவமானம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன் அறைகளைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரை தேவையான ஒன்று; ஆனால் 'மலையகத்தின் அவமானம்' என்ற அதன் தலைப்பே என்னை எழுத வைத்தது. ஒற்றை அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருத்தப்பட்ட மக்களின் பெயரோடு அவமானத்தைச் சேர்த்துவிட்டால், அந்த அறைகளைக் கட்டியவர்களும் அவற்றை அப்படியே விட்டுவைத்தவர்களும் தலைப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

'கருமத்தால் நாணுதல் நாணு' என்கிறது குறள் (1011). தகாததைச் செய்தவர் தம் செயலுக்காகக் கூசுவதே நாணம். பழியும் அவரையே சேரும். இளிவரல், அதாவது இழிவுபட்டதாக உணர்தல், வேறு வகை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கினால் அது வரும் என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அனுபவிப்பவரின் குற்றமன்று. அவமானமோ, அவமதிப்பைப் போலவே, பிறர் நம்மீது சுமத்துவது. இத்தனையையும் 'கேவலம்' என்ற ஒரே சொல்லில் நம் பேச்சு அடக்கிவிடுகிறது. (சைவ சித்தாந்தத்தில் உயிர் ஆணவ மலம் என்னும் அறியாமை இருளில் அழுந்திக் கிடக்கும் நிலையைக் குறிக்கும் அச்சொல் வசைச்சொல்லாய் இறங்கியது தனிக்கதை.)

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழரில் பெரும்பாலானோர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும், 1952இல் வாக்குரிமையின்றி நின்றார்கள். இதை 'மலையக மக்களுக்கு நேர்ந்த இழிவு' என்று எழுதுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. மழை வருவதுபோல் அது நேர்ந்துவிடவில்லை. சபையில் கைதூக்கிச் சட்டமாக்கினார்கள். களவாகத் தோணியேறி வந்தவர் என்ற பொருளில் 'கள்ளத்தோணி' என்று வைதபோதும் கேட்டவர்தான் தலைகுனிந்தார், வைதவர் நிமிர்ந்து நடந்தார். குறளின்படி நாண வேண்டியவர் யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

பெண்களுக்கு எதிரான குற்றச் செய்திகளில் இன்றும் தென்படும் 'மானபங்கம்' என்ற சொல்லையும் இங்கே சுட்ட வேண்டும். குற்றம் செய்தவனின் மானம் அப்படியே இருக்க, பாதிக்கப்பட்டவளின் மானமே குலைந்ததாக அது அறிவிக்கிறது. 'பாலியல் வன்முறை' என்ற நேரான சொல் இருக்கும்போது, தங்கள் செய்தியாளர்கள் அதையே எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஹட்டன்.