கோமதிக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள கோமதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பிசான அறுப்பு தொடங்கிவிட்டது. ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. பெரிய அத்தைக்கு முழங்கால் வலி பழையபடிதான். தம்பி புதுக் கைபேசி கேட்டு அம்மாவை நச்சரிக்கிறான். வேறு சேதி ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு நீ வரவில்லை. சின்ன வயதில் நீ சிறுவீடு கட்டும் இடத்தில் இந்த முறையும் அம்மா கோலம் போட்டாள். உனக்கென்று அவித்த பனங்கிழங்கை மூன்று நாள் வைத்திருந்து, பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். நான் கூப்பிட்டால் 'கோர்ட்டில் இருக்கிறேன் அப்பா' என்று குறுஞ்செய்தி வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அதே செய்திதான் வந்தது. நாற்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு கிடையாது என்பது தெரியாதா அம்மா?

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணாடியை மாற்றச் சொல்லியிருந்தேன், மாற்றினாயா? ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னையில் மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. உன் சீனியர் என்ன கொடுக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கையில் பணம் இல்லையென்றால் வாய்விட்டுச் சொல். வாடகைக்காகச் சாப்பாட்டைக் குறைக்காதே.

மதுரைக்குப் போ என்றுதான் அப்போதே சொன்னேன். 2004-இல் அங்கே உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு நம் திருநெல்வேலி ஜில்லா அப்பீல் கட்டு எல்லாம் அங்கேதான் போகிறது. எனக்குத் தெரிந்த சீனியர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். நீ கேட்கவில்லை. சென்னைதான் என்று நின்றாய். சரி, உன் இஷ்டம்.

உன் பிடிவாதம்தானே உன்னை வக்கீலாக்கியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை வந்தபோது, 'ஐந்து வருடமா? இன்ஜினீயரிங் என்றால் நாலு வருடத்தில் முடிந்துவிடுமே' என்றார் மாமா. நீ பதிலே பேசாமல் எழுந்துபோய் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாய். நம் ஜில்லாவுக்கு அரசு சட்டக் கல்லூரி வந்தது 1996-இல். அதற்கு முன்பு நம் பிள்ளைகள் சட்டம் படிக்க மதுரைக்கோ மெட்ராஸுக்கோதான் போக வேண்டும். அந்த வருடம் நான் வேலையாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ அப்போது பிறக்கவே இல்லை.

இரண்டாம் வருடம் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு நீ வீட்டில் பேசிப் பழகியது நினைவிருக்கிறதா? அம்மா திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளை நீதிபதியாக்கிவிட்டு, பீரோ கண்ணாடிக்கு முன் நின்று ஒரு மணி நேரம் வாதாடினாய். முடித்ததும் அம்மா, 'இந்தப் பக்கம் சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்கிறது?' என்று கேட்டாள். நீ கொஞ்சமும் தயங்காமல் அந்தப் பக்கம் போய் நின்று அதற்கும் வாதாடினாய். கூடத்தில் வக்காலத்து எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை மூடிவிட்டேன். அப்படிப் பேசத் தெரிந்த பிள்ளை இப்போது இரண்டு வார்த்தையில் போனை வைக்கிறது.

தேதியைக் கவனி. எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஜில்லா கோர்ட்டு அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு நகலுக்கு மனு போட்ட தேதி, நகல் வாங்கிய தேதி இரண்டையும் கட்டின் மேலேயே எழுதிவை. நல்ல கேஸ் தேதியால் சாவதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

உன் இரண்டாவது அங்கி இங்கேதான் ஆணியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதைத் தட்டிப் போடுகிறாள். ஆச்சி படுக்கையில் கிடந்த வருடம் போக, மறு வருடம் 2024 ஆனியில் நீ பார் கவுன்சிலில் பதிவு செய்தாய். அந்தப் பணத்துக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் வளையல் மிஞ்சியிருக்கும் என்று நான் புலம்பியபோது, 'என் மகள் ஒரு மாதம் முன்னால் வக்கீலானாள், அதுதான் கணக்கு' என்றாள் அவள். அதே ஜூலை முதல் தேதிதான் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டமும் வந்தது. கொலை வழக்குக்கு 302 என்று எழுதியே தேய்ந்த கை இப்போது 103 என்று எழுதத் தடுமாறுகிறது. நீங்கள் ஐந்து வருடம் உருப்போட்டதெல்லாம் பழைய எண்கள். அது உங்கள் குற்றமில்லை.

ஐந்து வருடம் படித்து, பதிவும் செய்து, அங்கியும் போட்ட பிறகு அகில இந்திய பார் தேர்வு என்று இன்னொரு தேர்வு எதற்கு என்று அம்மா என்னிடம் கேட்டாள். 2010-க்கு முன்பு படித்தவர்களுக்கு அது கிடையாது, இப்போது இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று சொன்னேன். 'கோமதி எழுதிவிட்டாளா?' என்றாள். அவள் சீக்கிரமே எழுதிவிட்டாள் என்றேன். எழுதியது உண்மைதானே.

உன்னோடு படித்த பையன் அந்தத் தேர்வில் தேறி, லட்டு டப்பாவோடு பார் அறைக்கு வந்தான். முதலில் என் கையில்தான் வைத்தான், கால் தொட்டுக் கும்பிட்டான். நல்ல பிள்ளை. பக்கத்திலிருந்த குமாஸ்தா, 'உங்கள் மகளும் முடித்திருப்பாளே?' என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். யோசிக்கவே இல்லை, தலை தானாக ஆடியது. லட்டை வாயில் போட முடியவில்லை. தாளில் சுற்றிக் கொண்டுவந்து பின்வாசலில் எறும்புக்குப் போட்டேன்.

கோமதி, நான் பி.ஏ. இல்லை.

1984-இல் கடைசி வருடம். வரலாறு எல்லாத் தாளும் தேறினேன், ஆங்கிலத்தில் போய்விட்டது. தாத்தா வயலில் நின்றார். 'என்னடா ஆச்சு?' என்றார். 'பாஸ்' என்றேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? வேலை தேடுகிறேன் என்று தினமும் தூக்குச்சட்டியோடு வீரவநல்லூரில் காலைப் பாசஞ்சர் ஏறுவேன். பாளையங்கோட்டைக் கோர்ட்டு வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். கோர்ட்டு வாசலில் மட்டும்தான் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏழு மாதம். ஒரு மழை நாளில் பெரிய வக்கீல் ஐயாவின் குமாஸ்தா வரவில்லை. 'தம்பி, கையெழுத்து நன்றாக இருக்குமா?' என்று ஓர் அபிடவிட்டைக் கொடுத்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான் குமாஸ்தாவான கதை இதுதான். குடும்பக் கஷ்டத்தால் மேலே படிக்கவில்லை என்று உங்களுக்கெல்லாம் சொன்னது பொய்.

மறுபடியும் எழுதியிருக்கலாம். பாஸ் என்று சொன்னவன் எந்த முகத்தோடு தேர்வுக்குப் பணம் கட்டுவான்? தோற்றதைவிட அதுதான் என்னைக் கெடுத்தது. தாத்தா நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். டிரங்குப் பெட்டியில் இருக்கிற எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார், என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சடித்திருக்கும். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. 2018-இல் நீ சட்டக் கல்லூரியில் சேரும்போது, முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போனோம். 'வீட்டில் வேறு பட்டதாரி உண்டா?' என்று கேட்டார்கள். அம்மா பக்கத்தில் நின்றாள். 'நான் பி.ஏ.' என்றேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீ அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாய். அரசுக் கல்லூரிதான், சலுகைப் பணம் பெரிதில்லை. ஆனால் நம் வீட்டின் முதல் பட்டதாரி நீதான். உனக்குச் சேர வேண்டிய அந்தப் பெயரை என் மானத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருடத் தாமதத்துக்கு ஒவ்வொரு நாளாகச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

நீ எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனியில் இரண்டு வருடம் முடிகிறது, அது உனக்கே தெரியும். அந்தத் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தமிழிலும் எழுதலாம். மறுபடி எழுதும் வாய்ப்பை நான் விட்டுவிட்டேன், உனக்கு அது இன்னும் இருக்கிறது. முனிசீப் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருடம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்ததே, அதில்கூடத் தற்காலிகப் பதிவு நாளிலிருந்துதான் கணக்கு. உன் நாள் எதுவும் வீணாகவில்லை. வ.உ.சி.யின் சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தைப் பறித்தார்கள். 1912-இல் சிறையிலிருந்து வந்தவர் எத்தனையோ வருடம் கழித்து அதை மீட்டார், உதவிய நீதிபதி வாலஸ் துரையின் பெயரை மகனுக்கு வாலேஸ்வரன் என்று வைத்தார். ஆயிரம் முறை சொன்ன கதைதான். இன்றைக்கு வேறு மாதிரிப் படுகிறது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். நீ வா. நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் இல்லையென்றால் பஸ்ஸில் வா, டிக்கெட் பணம் அனுப்புகிறேன். நீ வருவதற்குள் அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

இதோடு ஒரு நோட்டு அனுப்புகிறேன். இடது பக்கம் பழைய பிரிவு, வலது பக்கம் புதியது. தேர்வறைக்குள் விடமாட்டார்கள், குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்துக்குத்தான் அனுமதி, அதனால் வீட்டிலேயே பார்த்துக்கொள். பழையதில் 511 பிரிவு, 304 வரைதான் எழுதியிருக்கிறேன். ராத்திரி கண் மங்குகிறது. மீதியை அடுத்த வாரம் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா