தோளில் பை ஏற்றிவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

காரைக்குடியிலிருந்து கணவனும் மனைவியுமாக எழுதுகிறோம். பினாங்கு, பாங்காக், வியஞ்சான், லுவாங் பிரபாங், ஹனோய், சைகோன், அப்புறம் ஆசியாவைத் தாண்டி நைரோபி, மொம்பாசா என்று முதுகில் ஆளுக்கொரு பையோடு போய்த் திரும்பியிருக்கிறோம். கிளம்பும் முன்பும் வழியிலும் எங்களுக்குக் கைகொடுத்தவர்கள் பலர். அவர்கள் கொடுத்ததில் பெரும்பகுதி காசோ சாப்பாடோ அல்ல, சமயத்துக்குச் சொன்ன ஒரு வார்த்தை. வெறுமனே நன்றி என்று சொல்லி நிறுத்தினால் அது எங்களோடு தங்கிவிடும். அதனால் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், டிக்கெட் போட்டுக் கொடுத்த தம்பிக்கு. நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் நாலெழுத்து விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், நிற்கும். ஆதாரில் அது ஒரு மாதிரி இருக்கும், வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயராக விரிந்து இன்னொரு மாதிரி. தம்பி ஆதாரைக் கையில் வாங்கவே இல்லை. பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடுமல்லவா, அதைப் பார்த்தே எழுத்தெழுத்தாக அடித்தார். எல்லையில் இருக்கும் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். டிக்கெட், விசா, வருகைப் படிவம் மூன்றிலும் பெயர் அதுபோலவே இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மற்ற ஆவணங்களில் கணவர் பெயர் ஏறியிருந்தாலும், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் பயணம் முழுக்கத் தகப்பனார் பெயர்தான்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். சில விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில வேறொரு குறியீடு கேட்கும். காசு கட்டுவதற்கு முன்பே அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட வேண்டும். கட்டிய பிறகு பெயரைத் திருத்தத் தனிக் கட்டணம், சில மலிவு டிக்கெட்டில் திருத்தவே முடியாது. துபாய் வழியாகப் போய் ஊர் பார்க்க நினைப்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவுக்கு ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

வியட்நாம் விசாவையும் அதே தம்பிதான் பார்த்துக்கொண்டார். 2023 ஆகஸ்ட் 15 முதல் மின்-விசா 90 நாள் வரைக்கும் கிடைக்கிறது. ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறைக்கு 50. எந்த விமான நிலையம் அல்லது எல்லைச் சாவடி வழியாக நுழைவோம் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். ஹனோய் என்று எழுதிவிட்டு லாவோஸிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கினால் வம்பு. விசா தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் கட்டாயம். இரண்டுமே இலவசம். காசு கேட்கும் பக்கம் அரசுப் பக்கம் அல்ல, உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து, பையைத் தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கு. 40 லிட்டர் பை, உள்ளே எல்லாம் சேர்த்து 7 கிலோ. மலிவு விமானங்களில் கையோடு எடுத்துப் போக விடும் எடை பெரும்பாலும் அவ்வளவுதான். வெறும் பையே ஒன்றேகால் கிலோ வந்துவிடும் என்பதால் மிச்சம் ஆறு கிலோகூட இல்லை. பழைய பையில் இடுப்பு வார் பிய்ந்து கிடந்தது. அண்ணன் அதைப் பருத்தி நூலில் தைக்கவில்லை. வியர்வை பட்டுப் பட்டுப் பருத்தி இற்றுவிடும் என்று நைலான் நூலில் தைத்தார். சதுரமாக ஒரு தையல், அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு இன்னொரு தையல். நேர்கோடாகத் தைத்தால் ஒரு முனையில் பிரிய ஆரம்பித்து முழுசும் கையோடு வந்துவிடும், இப்படித் தைத்தால் இழுவிசை நாலு பக்கமும் பிரிந்துபோகும் என்று விளக்கமும் சொன்னார்.

பையை மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இடுப்பெலும்பின் மேட்டில் வார் உட்காரும்படி இறுக்க வேண்டும். பிறகு தோள் வார், கடைசியில் நெஞ்சு வார். தோள் வாரை முதலில் இறுக்கினால் பாரமெல்லாம் கழுத்தில் ஏறி, ரெண்டாம் நாளே தலைவலி வரும். கனமான பொருள் முதுகை ஒட்டி, பையின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் துணி. துண்டு, போர்வை, ஜன்னல் திரை எல்லாவற்றுக்கும் நாலு முழ வேட்டி ஒன்றே போதும், ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வீட்டு உள்முற்றமான வளவில் உட்கார்ந்து பலகாரம் கட்டிக் கொடுத்தவர், மசாலாப் பொடிக்குச் சாமான் எடுத்து வைக்கும்போதே கசகசாவைத் தனியாக ஒதுக்கிவிட்டார். நம் குருமாவுக்கும் கோழிக்கும் அது இல்லாமல் ஆகாது. ஆனால் கசகசா அபின் செடியின் விதை. அதன் மேல் ஒட்டியிருக்கும் மார்ஃபின் துளியை வைத்து ஐக்கிய அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதைப் போதைப்பொருள் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். பொட்டலமாக இருந்தாலும் சரி, மசாலாவில் அரைபட்டிருந்தாலும் சரி, குற்றம் குற்றம்தான். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்குகிறோம் என்றாலும் பையில் வேண்டாம். பிள்ளைகளுக்கு மசாலா அனுப்புகிற ஒவ்வொரு வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

கொப்பரையும் கூடாது. எண்ணெய்ப் பசை காரணமாகத் தீப்பிடிக்கும் பொருளாக அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். உப்புக்கண்டம் பல நாட்டு எல்லையில் பறிபோகும், இறைச்சிக்குத் தடை. ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். ஆச்சி கொடுத்தனுப்பியது சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல், பருப்புப்பொடி. நன்றாக ஆறவைத்து, காற்றுப் போகாமல் சிறு சிறு பொட்டலமாகக் கட்டினால் கடைசிப் பொட்டலம்வரை மொறுமொறுப்புக் கெடாது. ஒரே டப்பாவில் போட்டால் தினமும் திறந்து திறந்து நமுத்துவிடும்.

மருந்துக்கடை அண்ணனுக்கும் வங்கியில் உதவிய அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பத்தி. மாத்திரையை அட்டையோடு வைக்க வேண்டும், மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். கோடீன் சேர்ந்த இருமல் மருந்து, டிரமடால் என்ற வலி மாத்திரை இரண்டும் வேண்டவே வேண்டாம், பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. வயிற்றுப்போக்குக்குக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு மிஞ்சி நிலைமை மோசமாகும். கார்டு விஷயம்: 2020 மார்ச் 16-க்குப் பிறகு கொடுத்த கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமாகக் கேட்டுத் திறக்கும்வரை மூடியே இருக்கும். வெளிநாட்டு ஏடிஎம் "ரூபாயிலேயே கணக்குப் பார்க்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம். தாய்லாந்தில் ஒவ்வொரு தடவை பணம் எடுக்கவும் அந்த ஊர்ப் பணத்தில் 200 பாட் தொகைக்கு மேல் கட்டணம். அதனால் அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடுப்பது நல்லது.

பினாங்கில், 1857-இல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய தண்ணீர்மலைப் பக்கத்துக் கோவிலில் பேச்சுக் கொடுத்த பெரியவருக்கு வணக்கம். நம் அய்யாமார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அங்கே கிட்டங்கி என்ற தொழில் கூடத்தில், பணப்பெட்டி இருக்கும் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிய ஊர் அது. பெரியவர் பழங்கதையோடு விடவில்லை. பட்டர்வொர்த் ரயில் நிலையமும் படகுத்துறையும் ஒட்டியே இருப்பதால் பாலம் சுற்றிக் காரில் போகவேண்டாம், படகில் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று வழி காட்டி அனுப்பினார்.

மலேசியா–தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடை அக்காவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. மலேசியா, தாய்லாந்து இரண்டின் குடிநுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்துக்குள் நடக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து வரும் ரயில் மலேசிய நேரப்படி ஓடும், பாங்காக் போகும் ராத்திரி ரயில் தாய்லாந்து நேரப்படி கிளம்பும். இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம், மலேசியா முன்னால். நம் கடிகாரத்துக்கு மலேசியா இரண்டரை மணி முன்னே, தாய்லாந்தும் லாவோஸும் வியட்நாமும் ஒன்றரை மணி முன்னே. கைபேசியோ எல்லைக் கோட்டில் எந்தக் கோபுரம் கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நிலையத்துக்குள்ளேயே பத்து நிமிஷத்தில் இரண்டு தடவை மாறும். அக்கா எங்கள் டிக்கெட்டை வாங்கி, அச்சிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் மலேசிய நேரத்தைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். சோதனை முடிந்து தாய்லாந்து பக்கம் போய்விட்டால் கடைக்குத் திரும்ப முடியாது, முதலிலேயே சாப்பிடுங்கள் என்று சோற்றையும் கட்டிக் கொடுத்தார். படுக்கை எடுக்கும்போது கீழ்ப் படுக்கை கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் அகலமும் கூடுதல், ஜன்னலும் உண்டு.

அந்த ரயில் பாங்காக்கில் போய் நிற்பது க்ருங் தெப் அபிவத் நிலையத்தில். பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் ஹுவா லம்போங் என்று சொல்லும். 2023 ஜனவரி 19 முதல் தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை புது நிலையத்துக்கு மாறிவிட்டன. திரும்பும்போது பழைய நிலையத்தில் போய் நின்றால் ரயில் போய்விடும்.

விரத நாளில் எங்களுக்கு "ஜே" என்ற சொல்லைக் கற்றுக் கொடுத்த பாங்காக் தள்ளுவண்டி அம்மாவுக்கு நன்றி. மஞ்சள் துணியில் சிவப்பாக 17 என்று எழுதியதுபோலத் தெரிந்தால் அது ஜே கடை. மாமிசம், முட்டை, மீன்சாறு மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. வெறுமனே "கறி வேண்டாம்" என்று சொன்னால் மீன்சாறு ஊற்றிய காய்தான் வரும். அங்கே மீன்சாறு நமக்கு உப்பு மாதிரி. வியட்நாமில் இதற்குச் சொல் "சாய்". அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கேயும் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டம் நெரியும்.

வியஞ்சான் ரயில் நிலையத்துக் காவலருக்கும் நன்றி, எங்கள் கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டதற்கே. 2021 டிசம்பர் 3 அன்று திறந்த லாவோஸ்–சீனா ரயிலில் லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரம்தான், ஆனால் சோதனை விமான நிலையம் போல. கத்தி, கத்தரி, அழுத்தக் குப்பியில் வரும் கொசு மருந்து, வாசனைத் தெளிப்பான் எதுவும் போகாது. பாக்குவெட்டி வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஹனோயில் அறை கொடுத்த அம்மா எங்கள் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கப் பழக்கினார். ஓடக்கூடாது, நடுவில் நிற்கக்கூடாது, பின்வாங்கவே கூடாது. ஒரே சீரான நடை. மோட்டார் சைக்கிள்கள் அந்த நடையைக் கணித்து விலகிப் போகும். பஸ்ஸும் காரும் விலகாது, அவற்றுக்கு நாம்தான் நிற்க வேண்டும். நோட்டையும் அவரே பிரித்து வைத்துக் கொடுத்தார். 20,000 டாங், 500,000 டாங் இரண்டுமே நீல நிறம், மதிப்பில் 25 மடங்கு வித்தியாசம். பாலிமர் நோட்டு என்பதால் புதுசு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெரிய நோட்டைத் தனி உறையில் வைத்து, கொடுக்கும்போது சுழியங்களை எண்ண வேண்டும்.

சைகோனில் ட்ரூங் டின் தெரு மாரியம்மன் கோவில் வாசலில் பூ விற்பவர், மொழி புரியாமலேயே எங்கள் செருப்பைக் காத்தார். அவருக்கும் ஒரு கும்பிடு.

நைரோபி போகுமுன் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்ட செவிலியருக்கு நன்றி சொல்லாமல் முடியாது. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே இறங்கியதும் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடற்கரை ஊரான மொம்பாசாவில் மலேரியா உண்டு என்பதால் அதற்கான மாத்திரையையும் மருத்துவரிடம் தனியாகக் கேட்கச் சொன்னார்.

நைரோபியில் எங்களோடு நிலையம்வரை வந்த ஓட்டுநர் அண்ணன், பையிலிருந்த பிளாஸ்டிக் பைகளை முதல் நாளே எடுத்துவிடச் சொன்னார். அங்கே 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் தூக்குப் பைக்குத் தடை. மொம்பாசா ரயில் ஊருக்கு வெளியே சியோகிமாவிலிருந்து கிளம்புகிறது. ஏறுமுன் பைகளை வரிசையாகத் தரையில் வைத்து நாயை விட்டு முகரச் சொல்வார்கள், டிக்கெட்டோடு பாஸ்போர்ட்டும் பார்ப்பார்கள். ஒரு மணி நேரமாவது முன்னால் போக வேண்டும். நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும், மொம்பாசாவில் இறங்கியதும் அதைக் கழற்றிவிடலாம். சைவத்துக்குக் கவலையில்லை: சப்பாத்தி அங்கே அன்றாடச் சாப்பாடு, மக்காச்சோளமும் மொச்சை மாதிரிப் பயறும் வேகவைத்த கிதேரி எங்கும் கிடைக்கும்.

அந்த இரண்டு பைகளும் துவைத்துக் காயவைத்து எங்கள் முகப்பு அறையில் இருக்கின்றன. கிளம்புகிறவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். நீலப் பையின் வலது ஜிப் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெழுகுவர்த்தியை மேலும் கீழுமாக நாலு தடவை தேய்த்தால் ஓடும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து இருவர்