கடைசி வண்டிக்காரரை மறக்கும் பைக் கூட்டங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலை சிக்னலைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பைக் கூட்டங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். முன்னால் உள்ள நாலைந்து வண்டிகள் 60 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போகின்றன. நடுவில் உள்ளவை 70, 75. கடைசி இரண்டு மூன்று வண்டிகளோ பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் வரை 90-க்குக் குறையாமல் விரட்டிக்கொண்டே வருகின்றன. கீழே விழுந்தால் "பையன் வேகமாகப் போனான்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பையனுக்கு வேகத்தில் ஆசையே இல்லாமலும் இருக்கலாம். அவனைக் கடைசியில் விட்டுவிட்டுக் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் போன முன்வண்டிதான் அவனை விரட்டியது. கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வாராவாரம் கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து வண்டிகள், ஒன்றுக்கொன்று ஒரு நொடி இடைவெளி, வேகம் 60. முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 150 மீட்டர். ஊர் எல்லையில் ஒரு வேகத்தடை. எல்லோரும் வேகத்தைக் குறைத்து ஏறி இறங்குவதால் இரண்டு நொடிக்கு ஒரு வண்டி வீதம் தாண்டுகிறது. கடைசி ஆள் தாண்டும்போது முதல் ஆள் தாண்டி 18 நொடி ஆகியிருக்கும். முன்வண்டி தடையைத் தாண்டிய உடனே பழையபடி 60-ஐப் பிடித்தால் இடைவெளி 300 மீட்டராகிவிடும். விட்டுப்போன அந்த 150 மீட்டரைக் கடைசி ஆள் 80-இல் போய்ப் பிடிக்க அரை நிமிடமும் 600 மீட்டர் சாலையும் வேண்டும். அதற்குள் அடுத்த ஊர், அடுத்த தடை. பகல் முழுக்க அவர் துரத்திக்கொண்டேதான் இருப்பார்.

இதற்கு மருந்து எளிது. தடையைத் தாண்டிய முன்வண்டி 40-லேயே போக வேண்டும். கடைசி வண்டியும் தாண்டி வந்து வரிசை சேர்ந்தது கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரே விதி: உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் குறைத்தால் உங்களுக்கு முன்னால் போகிறவர் குறைப்பார், அப்படியே செய்தி முன்வண்டிக்குப் போய்ச் சேரும். போனே தேவையில்லை. ஒருவர் மட்டும் "அவன் வந்துடுவான்" என்று விட்டால் இந்தச் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும்.

ஒரு கூட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு வண்டிகள் போதும். பதினைந்து பேர் வந்தால் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக முன்வண்டியும் கடைசி வண்டியும் வைத்து, ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். டீக்கடையில் சேர்ந்துகொள்ளலாம். வரிசையில் பழக்கம் குறைந்தவரும் சிறிய இன்ஜின் வண்டியும் முன்வண்டிக்கு அடுத்து இரண்டாவது, மூன்றாவது இடத்தில் வர வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு: 350 சிசி வண்டிகள் முன்னால் பாய, 110 சிசி வண்டிக்காரர் கடைசியில் திணறுகிறார். கடைசி இடம் கூட்டத்திலேயே அனுபவசாலிக்கு உரியது. பஞ்சர் கிட், முதலுதவிப் பை, எல்லோருடைய ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய தாள் எல்லாம் அவரிடம்தான் இருக்க வேண்டும். முன்வண்டியிடம் இருந்தால் வேண்டிய நேரத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

நேரான, அகலமான சாலையில் இடமும் வலமுமாக மாறி மாறிப் போகும் வரிசை நல்லது. முன்வண்டி தன் தடத்தின் வலப்பக்கம், இரண்டாமவர் ஒரு நொடி பின்னால் இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம். இப்படிப் போனால் ஒவ்வொருவருக்கும் நேர் முன்னால் இரண்டு நொடி காலி இடம் கிடைக்கும். 60-இல் இரண்டு நொடி என்பது 33 மீட்டர், மூன்று பஸ் நீளம். சாலையோரக் கல்லை முன்னவர் தாண்டியதும் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள். வளைவு, பாலம், குறுகிய ஊர்ச்சாலை, எதிரே பஸ் ஓவர்டேக் செய்தபடி வரும் இடம், இங்கெல்லாம் ஒற்றை வரிசைதான். இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போவதை எந்தச் சாலையிலும் செய்யாதீர்கள். பள்ளம் வந்தால் ஒதுங்க இருவருக்குமே இடம் இருக்காது.

ஓவர்டேக்கில் உயிரே போகலாம். 60-இல் போகும் பஸ்ஸை 80-இல் தாண்ட ஒன்பது நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் 200 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 80-இல் வரும் லாரியும் 200 மீட்டர் வந்திருக்கும். ஆக, 400 மீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிந்தால்தான் வலப்பக்கம் இறங்க வேண்டும். முன்னவர் பார்த்த காலி இடம் அவருக்குரியது. இரண்டு நொடி கழித்து அவர் பின்னாலேயே போகிறவருக்கு அது இல்லை. ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்து, தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தாண்டியவர் பின்னால் இருப்பவரைக் கையசைத்துக் கூப்பிடவே கூடாது. தாண்டியதும் பஸ்ஸுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதும் தவறு, அடுத்தவர் வந்து சேர இடம் இருக்காது.

சிக்னலில் கூட்டம் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். சேர்ந்தே போக வேண்டும் என்பதற்காக இந்திரா காந்தி சிலையிலோ சீமாட்டி சிக்னலிலோ சிவப்பில் பாய்வதை வாராவாரம் பார்க்கிறோம். வழி மாறிவிடும் என்ற பயத்துக்கு நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. திரும்ப வேண்டிய இடத்தில் முன்வண்டிக்கு அடுத்து வருகிறவர் ஓரமாக, எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்தி வழிகாட்ட வேண்டும். கடைசி வண்டி வந்ததும் அதற்கு முன்னால் அவர் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர். கடைசி வண்டி வராமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கைச் சைகைகளைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வலக்கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் எல்லாம் இடக்கையால்தான்: ஒரு விரல் தூக்கினால் ஒற்றை வரிசை, இரண்டு விரல் என்றால் மாறி மாறி, உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக, டாங்கைக் காட்டினால் பெட்ரோல். இடப்பக்கப் பள்ளத்தைக் கையாலும் வலப்பக்கப் பள்ளத்தை வலக்காலாலும் காட்டலாம். வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் கையை எடுக்காதீர்கள். நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிட்டு ஓட்டுவது இப்போது கூட்டத்தின் அடையாளம் போல ஆகிவிட்டது. அப்படிப் போகிறவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பின்னால் வரும் யாருக்கும் தெரியாது. அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு.

நம் பக்கத்துச் சாலைகளுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய பகுதியில் கடற்காற்று பக்கவாட்டில் அறையும். லாரியின் மறைவில் போகும்வரை தெரியாது. மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் வண்டியை ஒரு முழம் தள்ளிவிடும். உப்பு லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிய தார் வழுக்கும். அறுவடை நாட்களில் கடலூர் மாவட்டச் சாலைகளில் பாதித் தாரில் நெல்லும் உளுந்தும் காயும். சுற்றிலும் வைத்த கற்களைச் சிலர் அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் எண்ணெயில் பிடித்தது போலத்தான். வைக்கோல் குவியல் மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் அந்தியில் போகும். டிரெய்லருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு முகத்துக்கு நேரே இருக்கும். முன்வண்டி பார்த்ததும் சைகை காட்டி ஒற்றை வரிசைக்கு மாற்ற வேண்டும்.

தை மாதம் வடலூருக்கும், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலேயே நடப்பார்கள், குழந்தைகளோடும். அவர்களைத் தாண்டும்போது 30-க்கு மேல் வேண்டாம். ஹாரனை அழுத்திப் பிடித்தால் பயந்து எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் கூடையோடு சாலையைக் கடக்கும் மீன்காரம்மாக்களுக்கும் இது பொருந்தும். பத்து வண்டி சேர்ந்து எழுப்பும் சத்தம் அந்த ஊர்க்காரர்களுக்கு வாராவாரம் விழும் சத்தம் என்பதை நினைவில் வைப்போம். சைலன்சரை மாற்றியவரைக் கூட்டத்தில் சேர்க்காமல் இருப்பதே சரி.

கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு: 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னவர் வளைவைத் தாண்டிய பிறகே அடுத்தவர் நுழையுங்கள். எதிரே பஸ் திரும்பினால் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் வரும். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பெட்ரோலுக்கு மிகச் சிறிய டாங்க்தான் கணக்கு. ஒருவர் போட்டால் எல்லோரும் போட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக நிறுத்தினால் கூட்டமே சிதறிவிடும். டயர் காற்று, செயின் தொய்வு, பிரேக், பின்விளக்கு எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே பாருங்கள். ஒரு கிளட்ச் வயர், ஒரு ஆக்சிலரேட்டர் வயர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப் இருந்தால் வழியில் வரும் சில்லறைக் கோளாறுகளில் முக்கால்வாசி தீரும். ட்யூப் உள்ள டயருக்கு ட்யூப்லெஸ் கிட் உதவாது, மாற்று ட்யூபும் டயர் லீவரும் வேண்டும். நிறுத்தினால் எல்லா வண்டியும் தாரை விட்டு முழுசாக இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

யாராவது விழுந்துவிட்டால் எல்லோரும் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொள்வதுதான் வழக்கம்; அடுத்த வண்டி வந்து மோதுவதும் அப்போதுதான். முதலில் ஒருவர் 100 மீட்டர் பின்னால் போய், தாருக்கு வெளியே நின்றபடி டார்ச்சோ வெளிர்நிறத் துணியோ அசைத்து வண்டிகளை மெதுவாக்க வேண்டும். இருவர் மட்டும் விழுந்தவரிடம் இருக்கட்டும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், முகக் கண்ணாடியை மட்டும் திறந்துவிடுங்கள்; கழுத்தெலும்பு அடிபட்டிருந்தால் இழுத்துக் கழற்றுவதில் கை கால் செயலிழந்துவிடலாம். சோடா, தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கக் கூடாது. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். வழியில் போகிறவர்கள் உதவப் பயப்பட வேண்டியதில்லை: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்கு வராமல் காக்கிறது, பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

108-ஐ அழைக்கும்போது ஊர்ப்பெயர், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் போன்ற இடங்களில் எல்லை அடுத்தடுத்து மாறுவதால், தமிழ்நாடா புதுச்சேரியா என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கூட்டமாக வண்டி ஓட்டும் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.