கூரை ஏறும் சனிக்கிழமை

டெமா, கானா
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

உனக்கு வீட்டுக் கடன் கிடைத்த சேதியை அம்மா ஊர் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். எனக்கு என்னவோ, எட்டரை வட்டி அநியாயம் என்று நீ அலுத்துக்கொண்டதுதான் மனதில் நிற்கிறது.

30 லட்சத்துக்கு 20 வருடம், மாதம் 26,000 கட்டப்போகிறாய். இங்கே 2023-இல் வங்கி வட்டி முப்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் கணக்கில் உன் கடனுக்கு வட்டி மட்டுமே மாதம் 75,000. அசல் அப்படியே நிற்கும். வங்கியையும் குறை சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதம். டாலர் கடனுக்கு வட்டி குறைவுதான், ஆனால் சம்பளம் இந்த ஊர்ப் பணமான 'செடி'யில்தானே வருகிறது? அந்த வருட ஆரம்பத்தில் 6 செடியாக இருந்த டாலர் நவம்பரில் 14-ஐ நெருங்கியது. தவணை என்ன ஆகியிருக்கும், நீயே போட்டுப் பார்.

எங்கள் கம்பெனி ஸ்டோர் கீப்பர் இருப்பது 'சேம்பர் அண்ட் ஹால்'. ஒரு படுக்கையறை, முன்னால் ஒரு கூடம், அவ்வளவுதான். குழாயும் முற்றமும் மற்ற குடித்தனங்களோடு பொது. அதற்கு இரண்டு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்திருக்கிறார். சென்னையில் அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்பி வரும். இங்கே கொடுப்பது வாடகையேதான், திரும்பாது. ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 1963-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதை வீட்டுக்காரரிடம் சொன்னால், "சரி, வேறு வீடு பார்" என்பார். 2021 கணக்கெடுப்புக்குப் பிறகு அரசே சொன்ன பற்றாக்குறை 18 லட்சம் வீடுகள். வேறு வீட்டுக்கு எங்கே போவது?

இங்கிருந்து கிழக்கே சக்லேமியில் 5,000 வீடுகள் கட்டுவதாகத் தொடங்கி, ஏறக்குறைய 1,500 கட்டினார்கள். 2016-இல் திறப்பு விழாவும் நடந்தது. தண்ணீர், மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் ஆளற்றுக் கிடந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

ஒன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வந்த புதிதில், கம்பி நீட்டிக்கொண்டு புல் முளைத்துக் கிடக்கும் பாதி வீடுகளைப் பார்த்து, "எதையும் முடிக்கத் தெரியாத ஜனங்கள்" என்று உன் அம்மாவிடம் கிண்டல் செய்திருக்கிறேன். ஸ்டோர் கீப்பர் தன் மனையைக் காட்டிய அன்றுதான் உறைத்தது. கையில் காசு வந்தால் சிமெண்ட் மூட்டை வாங்கி, அங்கேயே கல் அறுத்து அடுக்கிவிடுவாராம். பணமாக வைத்தால் மதிப்பு கரைந்துவிடும், கல் கரையாது. பாதிச் சுவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நிலம் பெரும்பாலும் பரம்பரைத் தலைவர்கள், குடும்பங்கள் கையில். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பதும் நடக்கும். சுவர் எழுப்பியவனுக்குத்தான் கொஞ்சமாவது பிடி. பத்திரம் இப்படித் தகராறில் இருந்தால் வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்?

பதினோரு வருடம் ஆகிவிட்டது அவருக்கு. மூத்த பையன் அதற்குள் கல்லூரிக்கே போய்விட்டான்.

வரும் சனிக்கிழமை கூரைத் தகடு ஏற்றுகிறார்கள். ஏணி பிடிக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார். முட்டி வலியை அம்மாவிடம் சொல்லிவிடாதே, போகவிடமாட்டாள்.

அன்புடன்,
அப்பா